பலகை தொடாத கால்

வெஸ்லிங் கூப்பர்ஸ் பேஸ்பால் அணியின் சீருடைகளை இருபத்தாறு வருஷம் துவைத்தவள் நான். ஒரு அணி எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள ஆட்டத்தைப் பார்க்க வேண்டியதில்லை, கண்ணுகளா. அழுக்குத் துணிக் கூடையை ஒருமுறை முகர்ந்தால் போதும். மற்ற ஊர்க் கூடைகளில் வேர்வை இருக்கும், மண் இருக்கும், புல் கறை இருக்கும். எங்கள் கூடையில் பீரும் கடுகு விழுதும்தான். மூன்றாவது பேஸில் நிற்கிறவனுடைய கால்சட்டைப் பையிலிருந்து ஒருநாள் முழு சாசேஜ் ஒன்றை எடுத்தேன், ரொட்டியோடு. அதைப் பையில் வைத்துக்கொண்டுதான் ஒன்பது இன்னிங்ஸும் நின்றிருக்கிறான். பந்து வந்து பட்டிருந்தால் நசுங்கியிருக்கும். பந்து அவன் பக்கம் வந்தபோதெல்லாம் அவன் விலகிக்கொண்டதால் பிழைத்தது.

எங்கள் ஊர் ஒரு காலத்தில் பீர்ப் பீப்பாய் செய்த ஊர். அணிக்குப் பெயரே அதனால் வந்ததுதான். பட்டறையை மூடி நாற்பது வருஷம் ஆகிறது. பீப்பாய் செய்கிற தொழில் போய்விட்டது. அதைக் காலி செய்கிற தொழில் மட்டும் ஊரில் நிலைத்துவிட்டது.

வலதுபக்க வேலியோரம் இருநூறு பேர் நிற்பார்கள். பீப்பாய்ப் படை என்று தங்களுக்குத் தாங்களே பெயர் வைத்துக்கொண்டவர்கள். அணி ஜெயித்தால் விருந்து. தோற்றால், மனசு ஆறுவதற்கு விருந்து. மழை வந்து ஆட்டம் நின்றால் தார்ப்பாயின் அடியில் விருந்து. இவர்களுக்குத் தலைவர் எங்கள் ஊர்ப் பல் டாக்டர் ஹெர்ப் ஸாஸ்ட்ரோ. வாரத்தில் ஐந்து நாள் அடுத்தவர்களை வாயைத் திறக்கச் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை அவர் வாய் மூடாது. அடிப்பாகம் வெட்டிய பீப்பாய் ஒன்றைத் தோளில் வார் போட்டு மாட்டிக்கொண்டு வருவார். உள்ளே நீச்சல் கால்சட்டை மட்டும். அந்தக் கோலத்தில் பார்த்த பிறகும் திங்கட்கிழமை அவரிடம் போய் வாயைத் திறந்து காட்டினார்களே, அந்த ஜனங்களை என்ன சொல்ல.

படைக்கு ஒரு சடங்கு உண்டு. ஆட்டத்தை முடித்து வைக்கும் அடியை எவன் அடிக்கிறானோ அவன் தரையில் நடக்கக் கூடாது. தோளில் தூக்கிக்கொண்டு, வலதுபக்கக் கதவுக்கு வெளியே நிற்கும் பழைய பீர் வண்டிவரை போவார்கள். முதல் கோப்பை அவனுக்கு. இரண்டாவது அவன் தலையில்.

பேஸ்பாலில் ஓட்டம் என்பது சின்ன விஷயம். மூன்று பேஸ்களையும் வரிசையாகத் தொட்டுக்கொண்டு வந்து, புறப்பட்ட இடத்தில் பதித்திருக்கிற வெள்ளை ரப்பர் பலகையை மிதிக்க வேண்டும். பந்தை வேலிக்கு வெளியே அடித்துவிட்டவனுக்கும் அதே சட்டம்தான். அவனை யாரும் துரத்த மாட்டார்கள். அவசரம் கிடையாது. நடந்துகூட வரலாம். ஆனால் மிதிக்க வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தெரிந்த சட்டம் இது.

எனக்கு அந்தப் பலகை நன்றாகத் தெரியும். என் சலவை அறை பார்வையாளர் இருக்கைகளுக்கு அடியில், பலகைக்கு நேர் பின்னால் இருந்தது. தரைமட்டத்தில் ஒரு கம்பிவலை ஜன்னல். அதன் வழியாக முழங்காலுக்குக் கீழே மட்டும்தான் தெரியும். இருபத்தாறு வருஷமும் நான் பார்த்த பேஸ்பால் முழுவதும் கால்கள்தான்.

அந்த வருஷம் எங்கள் மேனேஜர் ஓரின் ஸ்ட்ராண்ட். ஐம்பத்திரண்டு வயது, ஒரு முழங்கால் மக்கர், குடிப் பழக்கம் கிடையாது. எங்கள் அணிக்கு அவர் வந்தது, கள்ளுக்கடைக்குப் பாட்டு வாத்தியார் வந்தது மாதிரி. பயிற்சி நேரத்தில் பையன்களை வரிசையாக ஓடவிட்டு, ஒவ்வொரு பேஸையும் காலால் தட்டிக் காட்டச் சொல்வார். பையன்கள் அவர் முதுகுக்குப் பின்னால் அதையே நடனமாக ஆடிக் காட்டுவார்கள்.

அவர் மனைவி சோல்வே என் சிநேகிதி. பத்தொன்பது வருஷத்தில் பதினோரு ஊர் மாறியிருந்தார்கள். வாடகை வீட்டின் பின்னால் அவள் ஆஸ்பராகஸ் பாத்தி ஒன்று போட்டிருந்தாள். விரல் தடிமனில் பச்சைத் தண்டாக மண்ணைக் கீறிக்கொண்டு வருமே, அது. நட்ட முதல் வசந்தம் தொடக் கூடாது. இரண்டாவது வசந்தமும் தொடக் கூடாது. வேர் ஊறவேண்டும். மூன்றாவது வசந்தத்தில்தான் அறுக்கலாம்.

"எல்லா ஊர்லயும் தக்காளி போட்டேன், பீன்ஸ் போட்டேன் வெர்னாக்கா. அந்தந்த வருஷமே காய்ச்சு முடிஞ்சு போறது. இதை மட்டும் எங்கயும் போட்டதில்ல. எந்த ஊர்லயும் மூணாவது வசந்தம் வரைக்கும் நம்மள வெச்சிருக்க மாட்டாங்கன்னு தெரியும்" என்றாள்.

"இங்க மட்டும் ஏன் போட்ட?"

"ஆசைதான். இந்த ஊரு எனக்குப் பிடிச்சிருக்கு."

இரண்டு வசந்தம் தாண்டியிருந்தது. மூன்றாவது, அடுத்த மே மாதம்.

ஆகஸ்டில் அணியின் முதலாளி காஸ்பர் டீல்மன் என் அறை வாசலில் வைத்துத்தான் ஓரினிடம் பேசினார். நான் துண்டு மடித்துக்கொண்டிருந்தேன். என்னை அவர் கவனிக்கவில்லை. துண்டு மடிப்பவர்களை எந்த முதலாளிதான் கவனிக்கிறார்.

"கப்பெல்லாம் நான் கேக்கல ஓரின். ஆறு அணியில அஞ்சாவது வந்தாக்கூட அடுத்த வருஷமும் நீங்கதான். ஆறாவது மட்டும் வந்துடாதீங்க. அப்புறம் என் கையில இல்ல."

"அஞ்சாவது வந்துடுவோம்" என்றார் ஓரின்.

ஆனால் கோடை தொடங்கியதிலிருந்தே அவருக்கு வேறொரு கவலை. ஜூன் மாதம் ஒருநாள், ஜெயித்த பையன் பலகையை மிதித்து மூன்று அடி தாண்டிய பிறகுதான் படை தூக்கியது. ஜூலையில் ஓரடி. அன்றைக்கே ஹெர்ப்பைப் பிடித்துக்கொண்டார்.

"ஹெர்ப், ஒரு நிமிஷம்."

"என்ன தலைவா! ஜெயிச்சும் மூஞ்சி இப்படி இருக்கு? பல்லு வலியா? நாளைக்குக் கிளினிக்குக்கு வாங்க, புடுங்கி விட்டுடறேன்."

"பல்லு நல்லாருக்கு. போன மாசம் மூணு அடி தள்ளித் தூக்கினீங்க. இன்னைக்கு ஒரு அடி. கிட்ட கிட்ட வர்றீங்க."

"அன்பு கூடிக்கிட்டே போகுதுல்ல?"

"அந்த அன்பைப் பலகைக்கு அந்தாண்ட வெச்சுக்கங்க. மிதிக்கறதுக்கு முன்னாடி தூக்கிட்டீங்கன்னா ஓட்டம் கிடையாது. புரியுதா?"

"நாங்க என்ன சின்னப் பிள்ளைங்களா ஓரின்? என் பீப்பாய் மேல சத்தியம், போதுமா?" என்று பீப்பாயில் இரண்டு தட்டு தட்டினார்.

மறுநாள் காலை ஓரின் சுண்ணாம்புத் தூளை எடுத்துவந்து பலகையைச் சுற்றிப் பத்தடிக்கு வட்டம் போட்டார். உள்ளே யாரும் வரக் கூடாது என்று ஒலிபெருக்கியில் சொல்ல வைத்தார். அடுத்த ஆட்டம் முடிந்ததும் படை முழுக்க அந்த வட்டத்துக்குள் நெருக்கியடித்து நின்று, கோப்பையை உயர்த்திப் போட்டோ எடுத்துக்கொண்டது. அதை ஹெர்ப் தன் கிளினிக் சுவரில் மாட்டியிருந்தார். பல் பிடுங்கப் போனவர்கள் எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறந்தார்கள்.

சீசனின் கடைசி ஆட்டம் ஒரு ஞாயிறு மதியம். எதிரணி டெக்கர் ஃபால்ஸ். அவர்களும் நாங்களும் சமமாகக் கடைசியில் கிடந்தோம். ஜெயிக்கிறவன் ஐந்தாவது, தோற்கிறவன் ஆறாவது. ஊர் முழுவதற்கும் இது தெரியும். ஓரினுக்கு அதில் என்ன இருக்கிறது என்றும் தெரியும்; டீல்மன் எதையும் ரகசியமாக வைத்துக்கொள்கிற ஆள் இல்லை. "ஓரினைக் காப்பாத்துவோம்" என்று படை பெரிய பதாகை எழுதிக்கொண்டு வந்திருந்தது. எழுத்தின் மேல் கடுகு விழுது சிந்தியிருந்தது.

ஒன்பதாவது இன்னிங்ஸ். இரண்டு பக்கமும் மூன்று ஓட்டம். எங்கள் கடைசி வாய்ப்பில் இரண்டு பேர் அவுட். மூன்றாமவனும் அவுட்டானால் எங்கள் முறை முடிந்தது. அடிக்க வந்தவன் டெல் கோவாலிக். குளிர்காலத்தில் பீர் லாரி ஓட்டுகிறவன், கோடையில் லாரியில் இருப்பதைக் குடிக்கிறவன். தொப்பை முன்னால் வரும், அவன் பின்னால் வருவான். ஆனாலும் கையில் பலம் உண்டு, அதை நான் மறுக்க மாட்டேன்.

ஆட்டக்காரர்கள் உட்காரும் பள்ளத்தின் விளிம்பில் நிறுத்தி ஓரின் அவனிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

"டெல், எங்க வேணா அடி. கடைசில பலகைய மிதி."

"மிதிக்கறது என்ன சார், அது மேல ஏறிக் குதிச்சே காட்டறேன்."

மூன்றாவது பந்து. அந்தச் சத்தம் ஒன்று போதும், பார்க்க வேண்டியதில்லை. தலைக்கு மேலே இருக்கைகள் எல்லாம் இடி விழுந்த மாதிரி அதிர்ந்தன. பந்து இடதுபக்க வேலியைத் தாண்டி, அந்தப் பக்கம் நின்ற ஐஸ்கிரீம் வண்டியின் கூரையில் விழுந்ததாகப் பின்னால் சொன்னார்கள்.

என் ஜன்னலில் கால்கள் வரத் தொடங்கின. செருப்புக் கால், பூட்ஸ் கால், நகப்பூச்சுப் பூசிய கால், ஒற்றைச் செருப்போடு ஒரு கால். பீப்பாயின் கீழே இரண்டு வெள்ளைக் கெண்டைக்கால்கள். அவை எங்கே நின்றன தெரியுமா? சுண்ணாம்பு வட்டத்துக்குள்ளே, பலகைக்கு இந்தப் பக்கம். மூன்றாவது பேஸிலிருந்து சிவப்புப் பட்டை போட்ட காலுறைகள் ஆடி அசைந்து வந்தன. டெல். பலகைக்கு முன்னால் அவன் இடது கால் மண்ணில் பதிந்தது. அடுத்த எட்டு பலகைதான். அந்த எட்டு தரைக்கு வரவே இல்லை. அவன் தாவினான், அவர்கள் பிடித்தார்கள், இரண்டு காலும் என் ஜன்னலின் மேல் விளிம்பைத் தாண்டி மறைந்தன. அவன் நிழல் பலகையின் மேல் போனது. நிழலுக்கு ஓட்டம் கிடையாது.

ஊர்வலம் நகர்ந்தது. மண்ணில் அவன் இடது பூட்ஸின் அடிமுள் பதிந்த தடம் தெரிந்தது. அதற்கும் பலகைக்கும் நடுவில் ஒரு சாண்.

இன்னும் ஒன்றைப் பார்த்தேன். பலகைக்குப் பின்னால் நின்று பந்து பிடிக்கிற எதிரணி கேட்ச்சரின் கால்கள் அங்கேயே நின்றன. தோற்ற அணியின் கேட்ச்சர் தோற்ற இடத்தில் நிற்க மாட்டான். போய்ப் பையை எடுப்பான். இவன் நட்டு வைத்த கம்பம் மாதிரி நின்றான். பக்கத்தில் அம்பயரின் கறுப்பு பூட்ஸ். அவையும் அசையவில்லை.

ஈரக் காலுறை ஒன்றைக் கையில் பிடித்தபடியே நடைவழியில் ஓடினேன். ஓரின் பெஞ்சில் உட்கார்ந்து, தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். தொப்பியை எடுத்தபோது சிரித்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அதைக் கலைக்கிற வேலை எனக்கு வாய்த்தது.

"ஓரின், படல! டெல் கால் பலகையில படல!"

"எவ்வளவு?"

"ஒரு சாண்."

ஒரே மூச்சில் எழுந்தார். "அம்பயர் என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. நிக்கறாரு."

"அப்போ நேரம் இருக்கு. அவங்க பந்தோட வந்து பலகைய மிதிக்கறதுக்குள்ள இவன் திரும்பி வந்து மிதிச்சா ஓட்டம்தான்."

மக்கர் முழங்காலோடு அவர் ஓடினார். பின்னால் நானும் ஓடினேன். ஊர்வலம் அதற்குள் வலதுபக்கக் கதவை நெருங்கிவிட்டது. முன்னால் ஒருவன் டிராம்போன் ஊதிக்கொண்டு போனான். ஊதினான் என்று சொன்னால் மற்ற டிராம்போன்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

"இறக்குங்கடா அவன! திருப்பிக் கொண்டாங்க! பலகைய மிதிக்கல!" என்று கத்தினார் ஓரின்.

ஹெர்ப் திரும்பிப் பார்த்தார். பீப்பாய்க்கு மேலே முகம் முழுக்கப் பூரிப்பு.

"டேய், இங்க பாருங்கடா! மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்த மனுஷன் ஓடி வர்றாரு! தூக்குங்கடா தலைவரையும்!"

"ஹெர்ப், வேணாம்! பலகை! பலகை!"

"பலகை! பலகை!" என்று படை முழுதும் கைதட்டிக்கொண்டு கோஷம் போட ஆரம்பித்தது. எட்டுக் கைகள் ஓரினைத் தூக்கின. அவர் காலை உதைத்தார். அதையும் நடனம் என்று நினைத்துக்கொண்டார்கள். இப்படியாக, திரும்பி வரவேண்டியவனும் அவனைத் திருப்பிக் கொண்டுவர வேண்டியவரும் ஆளுக்கொரு தோளில், பலகைக்கு எதிர்த்திசையில் போய்ச் சேர்ந்தார்கள்.

நான் ஒருத்தனுடைய சட்டையைப் பிடித்து இழுத்தேன். "டேய், ஓட்டம் செல்லாதுடா. இறக்கி விடுங்கடா."

"வாங்க வெர்னாம்மா, நீங்களும் ஒரு கோப்பை அடிங்க!"

வண்டியருகே ஓரினின் தலையில் ஒரு ஜாடி பீரை ஊற்றினார்கள். அப்போதுதான் கீழே விட்டார்கள். சொட்டச் சொட்ட அவர் டெல்லின் கழுத்துப் பட்டியைப் பிடித்தார். டெல் முதல் கோப்பையை முடித்திருந்தான்.

"வா. நீ மிதிக்கல."

"மிதிச்சேனே சார்."

"மிதிக்கல."

"மிதிச்ச மாதிரிதான் இருந்துச்சு."

"எங்க?"

டெல் கொஞ்சம் யோசித்தான். "மனசுல."

கழுத்துப் பட்டி கிழியக் கிழிய ஓரின் அவனை இழுத்துக்கொண்டு மைதானத்துக்குள் ஓடினார். அந்தச் சட்டை பிறகு என்னிடம்தான் வந்தது, இரண்டாகக் கிழிந்திருந்தது. பாதி தூரம் வந்திருப்பார்கள். டெக்கர் ஃபால்ஸ் மேனேஜர் ஒரு குட்டை மனிதர், சூரியகாந்தி விதை மென்றுகொண்டு, தன் ஆட்களில் ஒருவனைக்கூட இடத்தைவிட்டு அசையவிடாமல் வைத்திருந்தார். கூட்டம் கலைந்ததும் அம்பயர் புதுப் பந்தை எடுத்துக் கொடுத்தார். பந்து எறிபவன் அதைக் கேட்ச்சருக்குப் போட்டான். கேட்ச்சர் பலகையை மிதித்தான். ஒரு சாண் தூரத்தை அவன் ஒரே எட்டில் தாண்டினான், தோளில் தூக்கிப் போக யாரும் தேவைப்படவில்லை. அம்பயர் முஷ்டியை உயர்த்தினார். டெல் அவுட்.

ஓரின் நடுப் புல்லில் நின்றுவிட்டார். பிறகு நடந்துபோய் வாதாடினார்.

"ரசிகர்கள் தடுத்துட்டாங்க. அவனால மிதிக்க முடியல."

"தூக்கினது உங்க ஊர் ஆளுங்க. இவரும் கைய விரிச்சுக்கிட்டுத் தாவி ஏறினாரு. நான் பாத்தேன். நீங்க போட்ட வட்டமும் இருக்கு. நான் என்ன பண்ணட்டும் சொல்லுங்க?" என்றார் அம்பயர். பாவம், அவருக்கும் வருத்தம்தான்.

மூன்றுக்கு மூன்று. பத்தாவது இன்னிங்ஸ் ஆட வேண்டும். வண்டியிலிருந்து ஆட்களைப் பொறுக்கிக்கொண்டு வந்தார்கள். அரை மணி நேரத்தில் எவ்வளவு குடிக்க முடியும் என்று கேட்பீர்கள். அவர்களைக் கேளுங்கள். நடுவில் நிற்பவன் கோப்பையோடு வந்து, அதைப் புல்லில் பத்திரமாக வைத்துவிட்டு நின்றான். பந்து எறிபவனுக்கு விக்கல். டெல், உயரத்தில் வந்த பந்தை நோக்கி இரண்டு கையையும் நீட்டினான். பந்து அவனுக்குப் பின்னால் இருபதடி தள்ளி விழுந்தது. ஆறு ஓட்டம் கொடுத்தார்கள்.

படையும் திரும்பி வந்து வேலியோரம் நின்றது. தப்பு யாருடையது என்று ஒருவருக்கும் உறைத்ததாகத் தெரியவில்லை.

"டிக்கெட் எடுக்காம ஒரு இன்னிங்ஸ் கூடுதல்டா!" என்று ஹெர்ப் கூவினார். கைதட்டல் விழுந்தது.

ஒன்பதுக்கு மூன்று என்று தோற்றோம். ஆறாவது இடம். உடனே தோற்றதற்கான விருந்து ஆரம்பித்தது. ஜெயித்ததற்காகத் திறந்த பீப்பாயில் இன்னும் பாதி மிச்சம் இருந்தது, அதனால் வேலையும் மிச்சம்.

டீல்மன் ஓரினுக்கு ஒரு கோப்பையை நீட்டினார். "மனசுல எதுவும் வெச்சுக்காதீங்க ஓரின். பேச்சுன்னா பேச்சு." ஓரின் கோப்பையை வாங்கி வண்டிச் சக்கரத்தின் மேல் வைத்துவிட்டு வந்தார்.

என் அறையில் சீருடைச் சட்டையைக் கழற்றி மடித்துக் கொடுத்தார். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவர் சட்டையில் பீர் வாசம்.

"வட்டத்தை இன்னும் கொஞ்சம் பெருசாப் போட்டிருக்கணும் வெர்னா" என்றார்.

அந்தச் சட்டையைத் துவைத்து அலமாரியின் அடியில் வைத்தேன். செப்டம்பரில் அவர்கள் வடக்கு டகோட்டாவுக்குப் போனார்கள். அங்கே ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்கிற வேலை. சோல்வே போகும் முன் பாத்திக்கு வைக்கோல் மூடிவிட்டுப் போனாள். யாருக்காக மூடினாள் என்று நான் கேட்கவில்லை.

வெட்கப்பட்டிருப்பார்கள் என்று நினைக்கிறீர்களா, என் செல்லங்களா? அடுத்த சீசனின் முதல் நாளுக்கு அவர்கள் வைத்த பெயர் "பலகை தொடாத நாள்". டெல்லைத் தோளில் தூக்கி மைதானத்தை மூன்று சுற்று சுற்றுவார்கள், கால் தரையில் படாமல். முதலில் வரும் ஐந்நூறு பேருக்குப் பிளாஸ்டிக் பலகை இலவசம். புது மேனேஜரும் டெல்தான். படை ஊரெல்லாம் கையெழுத்து வாங்கி டீல்மனிடம் கொடுத்து அமர்த்தியது. ஓரினுக்கும் அழைப்பு அனுப்பினார்கள், சிறப்பு விருந்தினராக. அவர் பதில் போடவில்லை என்று ஹெர்ப்புக்கு வருத்தம். "கொஞ்சம்கூட நகைச்சுவை உணர்ச்சி இல்லாத மனுஷன்" என்றார்.

ஏப்ரலில் ஹெர்ப் என்னைத் தேடி வந்தார்.

"வெர்னாம்மா, நீங்கதான் கண்ணால பாத்த சாட்சி. அந்த ஒரு சாணைக் கைய விரிச்சுக் காட்டுங்க. அப்படியே படம் வரைஞ்சு சட்டையில போடறோம்."

"என் கை உங்க சட்டையில எதுக்கு? கன்னத்துல வேணும்னா இப்பவே போடறேன்."

"அடடா! இதையும் சட்டையில போடலாமே!" என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

போட்டார்கள். நானூறு சிவப்புச் சட்டை, மார்பில் விரித்த ஒரு கை. என்னுடையது இல்லை, ஹெர்ப்புடையது. நகம் கடித்துத் தின்ற விரல்கள். மை வாசனை அடிக்கிறது, ஒருமுறை அலசிக் கொடுங்கள் என்று மூட்டை மூட்டையாக என் அறையில் கொண்டுவந்து போட்டார்கள்.

முதல் ஆட்டத்துக்கு முந்தின நாள் ஓரினின் பழைய வீட்டு வழியாகப் போனேன். இப்போது அங்கே டெல் இருந்தான். பின்புறத்தில் இறைச்சி சுடும் அடுப்பும், நாலைந்து பீர்ப் பெட்டிகளும். நடுவில் அவன் புல் வெட்டும் மிஷினைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

"அந்த மூலையில ஏதோ புல்லு வருது வெர்னாம்மா. வைக்கோலை வாரிப் போட்டு ரெண்டு தடவ மிஷின் விட்டேன். மறுபடியும் குச்சி குச்சியா முளைக்குது. பிடிவாதம் பிடிச்ச புல்லு."

அது மூன்றாவது வசந்தம்.

நான் வீட்டுக்குப் போய் இரவு தூங்கவில்லை. காலையில் பெரிய இயந்திரத்தில் கொதிக்கும் தண்ணீரைத் திறந்துவிட்டேன். நானூறு புதுச் சிவப்புச் சட்டைகளையும், அன்று மதியம் ஆட்டத்துக்குப் போடவேண்டிய இருபத்திரண்டு வெள்ளைச் சீருடைகளையும் பங்கு பிரித்து ஒன்றாகப் போட்டு ஓட்டினேன். துவைக்கத் தெரிந்தவள் வேண்டுமென்றே செய்யும் தப்பு எவ்வளவு சுத்தமாக இருக்கும் தெரியுமா? ஒரு திட்டு விடாமல், சீராக, குழந்தையின் ஈறு மாதிரி இளஞ்சிவப்பு. மாட்டிவைத்துவிட்டுக் காத்திருந்தேன். வையட்டும், வெட்கத்தில் சாகட்டும், மானம் போகட்டும் என்று.

பையன்கள் உள்ளே வந்தார்கள். டெல் ஒன்றை எடுத்து மேலே பிடித்துப் பார்த்தான். போட்டுக்கொண்டான். கண்ணாடி முன் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

"டேய்! சூப்பரா இருக்குடா!"

மைதானத்தில் அவர்கள் இறங்கியதும் எழும்பிய கூச்சலில் என் சோப்புத் தூள் டப்பா அலமாரியிலிருந்து விழுந்தது. ஐந்தாவது இன்னிங்ஸ் முடிவதற்குள், அடுத்த ஞாயிறு "இளஞ்சிவப்பு ஞாயிறு" என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டார்கள். டீல்மன் நேரில் வந்து என் கையைக் குலுக்கினார். "உங்களுக்குள்ள இப்படி ஒரு மூளை இருக்குன்னு தெரியாமப் போச்சே வெர்னா!"

இவர்களை எதைக் கொண்டு அடிப்பது, சொல்லுங்கள். அடித்த கையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு பீர் வண்டிக்குப் போய்விடுவார்கள்.

இந்த வேலை போதும் என்று அறைச் சாவியைச் சோப்பு டப்பாவுக்குள் போட்டேன். அலமாரியின் அடியில் மடித்து வைத்திருந்த ஓரினின் சட்டையை எடுத்துக்கொண்டேன். அது ஒன்றுதான் வெள்ளையாக மிஞ்சியிருந்தது. சமையல் கத்தி ஒன்றோடு நேராக டெல்லின் வீட்டுக்குப் போனேன். எல்லோரும் மைதானத்தில் இருந்தார்கள். இரண்டு முறை மிஷின் ஓடிய இடத்தில் பதினேழு தண்டு நின்றது, நிமிர்ந்து. மண்ணோடு ஒட்ட அறுத்தேன். ஓரினின் சட்டையை அவன் தோட்டத்துக் குழாயில் நனைத்து, அதில் சுற்றி, அட்டைப் பெட்டியில் வைத்து, திங்கட்கிழமை காலை தபாலாபீஸ் திறந்ததும் அனுப்பினேன்.

கூப்பர்ஸ் அந்த வருஷமும் ஆறாவது. விருந்து பிரமாதம் என்று கேள்வி.

சோல்வேயிடமிருந்து இரண்டு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. இரண்டு தண்டு வழியில் வாடிவிட்டதாம். மிச்சத்தை வெண்ணெயில் வதக்கி இரண்டு பேரும் அன்றைக்கே சாப்பிட்டுவிட்டார்களாம். ஓரின் பெட்டியைத் திறந்ததும் முதலில் சட்டையைத்தான் எடுத்தாராம். மூக்கருகே வைத்து வெகுநேரம் முகர்ந்துவிட்டு, வெர்னாவுக்கு எழுதும்போது இதைச் சொல் என்றாராம்: பீர் வாசம் சுத்தமாகப் போய்விட்டது.